பணக்காரர் கட்டும் வரியில் மகளிர் உரிமைத் தொகைக்கு எவ்வளவு வருகிறது?

பணக்காரர்களிடம் கூடுதல் வரி வாங்கி நலத்திட்டங்களுக்குச் செலவு செய்யலாமா என்று கேட்டால், செய்யத்தான் வேண்டும் என்பேன். ஆனால் நம் ஊர் விவாதம் எப்போதும் வரி விகிதத்தோடு நின்றுவிடுகிறது. அந்த வரி எந்தப் பெயரில் வசூலாகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டுக்கு அந்தப் பெயர்தான் முக்கியம்.

ஒரு கணக்கு போடுவோம். சம்பளத்தில் வரிக்குரிய வருமானம் 3 கோடி ரூபாய் உள்ள ஒருவர், 2025-26 நிதியாண்டு, புதிய வருமான வரி முறை. முதல் 24 லட்சத்துக்கான படிகளில் வரி 3 லட்சம். மீதி 2.76 கோடிக்கு 30 சதவீதம், அதாவது 82.8 லட்சம். ஆக அடிப்படை வரி 85.8 லட்சம். வருமானம் 2 கோடியைத் தாண்டுவதால் அந்த வரியின் மேல் 25 சதவீதம் சர்சார்ஜ் (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி), 21.45 லட்சம். இரண்டையும் கூட்டி அதன் மேல் 4 சதவீதம் செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான மேல்வரி), 4.29 லட்சம். மொத்தம் 1 கோடியே 11 லட்சத்து 54 ஆயிரம்.

இதில் மாநிலங்களோடு பகிர வேண்டியது அடிப்படை வரி மட்டுமே. சர்சார்ஜையும் செஸ்ஸையும் அரசியலமைப்பின் 270-வது பிரிவு பகிர்விலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த 25.74 லட்சம் முழுவதும் ஒன்றிய அரசுக்கே. 85.8 லட்சத்தில், வரிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு சொன்ன 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு அந்த ஆண்டு 4.079 சதவீதம். வசூல் செலவைக் கழிக்காமல் பார்த்தாலே நமக்கு வருவது சுமார் 1,43,500 ரூபாய். மாதம் 1,000 வீதம் ஏறக்குறைய 12 பெண்களுக்கு ஓராண்டு உரிமைத் தொகை. அதே மொத்தத் தொகையை அடிப்படை வரியாகவே வாங்கியிருந்தால் 15 பெண்களுக்கு வந்திருக்கும். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது பயனாளிகள் 1.06 கோடி பேர், ஆண்டுச் செலவு 12,720 கோடி. அந்த அளவில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமே இல்லை.

அதனால் "கோடீஸ்வரர் வரி" என்று அறிவிப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது: அடிப்படை விகிதம் ஏறுகிறதா, சர்சார்ஜ் ஏறுகிறதா?

இன்னொரு ஓட்டையும் உண்டு. மேலே சொன்னவர் சம்பளத்தின் உச்சப் படியில் செஸ் உட்பட 39 சதவீதம் கட்டுகிறார். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்று லாபம் பார்ப்பவருக்கு விகிதம் 12.5 சதவீதம், சர்சார்ஜும் 15 சதவீதத்தைத் தாண்டாது. எல்லாம் சேர்த்து 14.95 சதவீதம்தான். பெரும் செல்வர்களின் பணம் பெரும்பாலும் பங்குகளில்தான் வளர்கிறது, மாதச் சம்பளத்தில் அல்ல.

"செல்வ வரியைத் திரும்பக் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். 1957-ல் வந்த அந்த வரி ஏன் தோற்றது என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. கடைசிக் காலத்தில் 30 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம். கணக்கில் சேர்ந்தவை கூடுதல் வீடு, நகர்ப்புற நிலம், நகை, கார், படகு, விமானம், கையிருப்பு ரொக்கம். பங்குகளும் வங்கி வைப்புகளும் சேரவில்லை! நகையை மதிப்பிட ஆள் தேடுவதும் நிலத்தின் விலைக்கு வழக்காடுவதுமாக, 2013-14-ல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடி. 2015 பட்ஜெட்டில் அதை நீக்கிவிட்டு 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் சர்சார்ஜை ஏற்றினார்கள். மறுபடியும் சர்சார்ஜ்தான்.

திரும்பக் கொண்டு வருவதென்றால் தலைகீழாகச் செய்ய வேண்டும். வரம்பு பல கோடிகளில் இருக்கட்டும், அடித்தளம் அகலமாக இருக்கட்டும். பட்டியலிட்ட பங்குகள் டீமேட் எனும் மின்னணுக் கணக்கில் இருப்பதால் அவற்றின் மதிப்பு தினமும் தெரியும், அதிலிருந்து தொடங்கலாம். சிக்கல் பட்டியலிடாத குடும்ப நிறுவனங்களிலும் தனியார் அறக்கட்டளைகளிலும் வரும். சொத்தைப் பிரித்து எழுதி வரம்புக்குக் கீழே வருவதைத் தடுக்க, குடும்பத்தையே ஓர் அலகாகக் கொள்ளும் விதி வேண்டும்.

மாநிலம் தானாகச் செய்யக்கூடியது குறைவு. வேளாண் வருமானம் தவிர்த்த வருமான வரி, ஒன்றிய அரசு மட்டுமே சட்டம் இயற்றக்கூடிய ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. வாகன வரியில் தமிழ்நாடு ஒரு நல்ல படிநிலை வைத்திருக்கிறது: 2023 நவம்பர் திருத்தத்தில் 5 லட்சத்துக்குள் உள்ள காருக்கு 12 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம்.

தொழில் வரியில் அதுகூட முடியாது. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். அரையாண்டில் ஒன்றரைக் கோடி வாங்குபவருக்கும் அதே 1,250. அரசியலமைப்பின் 276-வது பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த வரம்பை 1988-ல் வைத்தார்கள், இன்றுவரை மாற்றவில்லை. மாற்ற நாடாளுமன்றத்தில் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும்.