ஐந்திலிருந்து நான்குக்கு

போர்ஷே 911 ஜிடி3 வாங்குவது என்று முடிவானபோது கியரைப் பற்றி யோசிக்கவே இல்லை. மேனுவல்தான். 2013-இல் வந்த ஜிடி3-யில் பி.டி.கே. என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டுமே என்றபோது புலம்பித் தீர்த்தவன் நான். 2017-இல் வந்த, 991.2 எனப்படும் திருத்திய ஜிடி3-யில் ஆறு கியர் மேனுவல் திரும்பியது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய காராக அதைத்தான் தேடினேன். இதைவிடக் கடுமையான ட்ராக் வகையான ஆர்.எஸ்.ஸில் மேனுவலே கிடையாது. அந்தத் தலைமுறை ஜிடி3-யின் டூரிங் வகையில் மேனுவல் மட்டும்தான், ஆனால் பின்னால் பெரிய இறக்கை இல்லை. ட்ராக்குக்குத்தானே வாங்குகிறோம், இறக்கை வேண்டும் என்று அதையும் கழித்தேன்.

முதலில் பார்த்த கார் பளபளவென்று இருந்தது. ஓவர்ரெவ் அறிக்கை கேட்டேன். எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்றதையெல்லாம் காரின் கணினி ஆறு நிலைகளாகப் பிரித்துக் குறித்து வைத்திருக்கும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நிமிடத்துக்கு 9000 சுழற்சியில் (ஆர்.பி.எம்.) லிமிட்டர் பிடித்துவிடும். வேகத்தில் தவறிச் சின்ன கியர் விழுந்தால் சக்கரங்களே எஞ்சினை இழுத்துச் சுற்றும். அங்கே லிமிட்டருக்கு வேலையில்லை. அந்த அறிக்கையில் மேல் நிலைகளிலும் எண்கள் இருந்தன. “ஒரே ஒரு தடவை கை தவறிடுச்சு சார்” என்றார் விற்பவர். நன்றி சொல்லிக் கிளம்பினேன். மனதுக்குள் கொஞ்சம் ஏளனம்கூட இருந்தது.

அந்த ஏளனம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு ட்ராக் நாளில் நண்பர் தன் மேனுவல் ஜிடி3-யை ஓட்டக் கொடுத்தார். நீண்ட நேர்பாதையின் முடிவில் பிரேக்கை அழுத்தி, ஐந்திலிருந்து நான்குக்கு இழுக்கிறேன். உடம்பு முன்னால் சாய, கை தேவைக்கு மேல் இடப்பக்கம் போயிருக்கிறது. லிவர் இறங்க மறுத்து முரண்டு பிடித்தது. அது இரண்டாம் கியரின் வாசல்! கிளட்ச் இன்னும் காலடியில் இருந்ததால் தப்பித்தேன். கியர் இறக்கும்போது ஆட்டோ பிளிப் என்ற வசதி ஆர்.பி.எம்.மைச் சரிசெய்து கொடுக்கும்; எந்த கியர் என்பதை என் கைதானே சொல்ல வேண்டும்? பக்கத்தில் நண்பர் வாயே திறக்கவில்லை. அடுத்த நாலு வளைவும் பாழ். கண் பாதையில், மனசு லிவரில்.

பிற்பகல் இன்னொருவரின் பி.டி.கே. காரில் மூன்று சுற்று. எஞ்சின் தாங்காத கியரைக் கேட்டால் கியர் பெட்டி கொடுப்பதே இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். மூன்றாவது சுற்றில் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தைரியமாகத் தள்ளி வைத்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மேனுவலுக்கு 3.9 நொடி, இதற்கு 3.4 என்பது முன்பே தெரிந்ததுதான்; அதற்காக மனம் மாறவில்லை. 17 கிலோ கூடுதல் எடையும் உறுத்தவில்லை. வளைவை யோசிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். கிளட்ச் ஆசைக்கு ஒரு சின்ன ஆறுதல்: ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கும் இரண்டு பேடிலையும் சேர்த்து இழுத்தால் கிளட்ச் விடுபடும்.

அடுத்த மாதம் ஒரு பி.டி.கே. கார் வந்தது. அறிக்கையில் முதல் நிலையில் மட்டும் எண்கள், மற்ற ஐந்திலும் சுழியம். அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன்.