பாலாடையில் ஒட்டிக்கொண்ட சொட்டு

என் மகளுக்குப் பித்தநாள அடைப்பு என்று தெரிந்து, பிறந்த 58ஆம் நாளில் புதுச்சேரியில், கல்லீரலிலிருந்து பித்தநீர் குடலுக்கு இறங்கக் குடலையே கல்லீரலோடு இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சை நடந்தது. களிமண் போல வெளுத்திருந்த மலம் மஞ்சளாக மாறியதும், இனிச் சொட்டு மருந்துகளை வேளை தவறாமல் கொடுத்தால் போதும் என்ற நினைப்பில் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது; ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவும் நெடுநேரமானது. ஒரு நாள்கூடத் தவறாமல் கொடுத்திருந்தோம் என்பதுதான் எங்களை வாட்டியது.

ஏ, டி, இ, ரத்தம் உறைய உதவும் கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. குடலின் உட்சுவரை மூடியிருக்கும் நீர்ப்படலத்தைக் கடக்க, பித்த உப்புகள் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத நுண்திரள்களாகச் சூழ்ந்து கொண்டுசெல்ல வேண்டும். பித்தநீர் குறைந்த குழந்தைக்கு எண்ணெய்ச் சொட்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும்.

இதில் எங்கள் பிழையும் இருந்தது. என் அம்மா மருந்தைப் பாலில் கலந்து பாலாடையில் புகட்டுவார். ஒரு நாள் கழுவப் போன பாலாடையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அதன் மூக்கின் ஓரத்தில் மஞ்சள் எண்ணெய் பளபளத்தது. அன்றிலிருந்து ஊசியில்லாச் சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்டு, பிறகே பால் கொடுக்கிறோம். கடையில் மாற்றித் தரும் டி சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 400 அலகா, 800 அலகா என்றும் பார்த்தே வாங்குகிறேன்.

மருத்துவர் செய்த பெரிய மாற்றம் டிபிஜிஎஸ் என்ற வைட்டமின் இ வடிவம். பாலிஎத்திலீன் கிளைக்காலோடு இணைக்கப்பட்ட அது நீரில் கரைந்து, பித்த உப்பின் துணையின்றித் தானே நுண்திரளாகிறது. கூடவே கொடுக்கும் டியையும் ஏற்றிச் செல்கிறது. எனவே இரண்டையும் ஒரே வேளையில் கொடுக்கச் சொன்னார். எடை ஏறுவதற்கு எம்சிடி எனும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் எழுதினார். "நம்ம தேங்காய் எண்ணெய் போதாதா தம்பி?" என்றார் அம்மா. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருப்பது 12 கரிம அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம். எம்சிடியில் இருப்பவை பெரும்பாலும் 8, 10 அணுக்கள் கொண்ட, அதைவிடக் குட்டையான சங்கிலிகள், பித்தநீருக்காகக் காத்திராமல் நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் சேர்பவை.

வைட்டமின் ஏ மிகுந்தால் கல்லீரலையே கெடுக்கும் என்பதால், ரத்தத்தில் பார்க்காமல் அதன் அளவை நாங்களாகக் கூட்டுவதில்லை. டி இப்போது ஏறத் தொடங்கியிருக்கிறது. கே மட்டும் இன்னும் ஊசியாகவே போகிறது.