அத்தை வீட்டுக் கூழ்ப் பானை

ஆடி மாதம் இரண்டாவது சனிக்கிழமை. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, வேலூர் போய், அணைக்கட்டுக்குப் பஸ் ஏறினேன். பையில் துணிமணியோடு ஒரு பாக்கெட் புளிக்கவைத்த கடல்பாசிப் பொடி. ஸ்ரீபெரும்புதூரில் கொரியாக்காரர்களோடு வேலை பார்க்கும் நண்பர் கொடுத்தது. இரண்டு வருட நைட் ஷிப்டில் என் தூக்கம் கெட்டுப்போனது அவருக்குத் தெரியும்.

கொரியாவில் தாசிமா என்று சொல்லும் பாசி அது. சாப்பாட்டுக்கு ருசி கூட்டும் குளுட்டமேட் என்ற பொருள் அதில் நிறைய உள்ளது. 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் இக்கேடா குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்ததும் இந்த இனப் பாசியிலிருந்துதான். பாலைத் தயிராக்கும் லாக்டிக் பாக்டீரியா விட்டுப் புளிக்கவைத்தால் அந்தக் குளுட்டமேட் காபா என்ற பொருளாக மாறும். மூளையில் நரம்புகளின் பரபரப்பை அடக்குவது காபா. ஆனால் சாப்பிடும் காபா மூளைவரை எவ்வளவு போகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அத்தை பாக்கெட்டைத் திறந்து முகர்ந்தார். "கருவாட்டு வாசனைதான் வருது. எனக்கும் ஒரு ஸ்பூன் குடேன்." தரவில்லை. அத்தை தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். இந்தப் பாசியில் அயோடின் மிக அதிகம்.

அடுப்படி மூலையில் முந்தின நாளே கரைத்த கேழ்வரகு மாவு, மூடிய பானையில் இருந்தது. தட்டைத் தூக்கியதும் புளித்த வாசனை. மேலே சின்னச் சின்னக் குமிழிகள். அத்தை கரண்டியை விட்டதும் பொசபொசவென்று அடங்கின. கொரியாவில் பாசியைப் புளிக்கவைக்கும் அதே குடும்பத்து பாக்டீரியாதான் இங்கேயும் வேலை செய்கிறது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர். இந்தப் பானைக்குக் கடல் வந்து சேருவது கருவாடாகத்தான்.

நொய் வேகவைத்து, மாவை ஊற்றிக் கிண்டினார். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் மூன்று முறை அலசினார். ராத்திரிக்கே வறுக்கச் சொன்னேன்.

"வாணாம் கண்ணு. ராத்திரில தின்னா தாகம் எடுத்துக்கினே இருக்கும். காலைல கூழுக்குத் தொட்டுக்கோ."

உப்பு அப்படித்தான்: தண்ணீர் கேட்கும், அப்புறம் நடுராத்திரியில் எழுப்பிவிடும். நல்ல தூக்கம் வேண்டும் என்கிறவர்கள் ராத்திரியில் கருவாடு தேடாமல் அத்தை பேச்சைக் கேட்பது நல்லது.

அன்று ராத்திரி மோர் விட்டுக் கரைத்த கூழ் ஒரு சொம்பு, நாலு சின்ன வெங்காயம். மொட்டை மாடியில் பாய். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. கூழா, காற்றா, போன் இல்லாததா, எது தூங்கவைத்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கண் விழித்தபோது அம்மன் கோயில் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. கீழே கருவாடு வறுபடும் வாசனை.