சோகம் படத்தில் எங்கே இருக்கிறது?

படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் முதல் நாள் காதில் விழும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்தப் பெண் சோகமாக இருக்கிறார்." சோகம் எங்கே இருக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டால் விரல் கண்ணுக்குப் போகும், அப்புறம் உதட்டுக்கு, கடைசியில் அந்தரத்தில் நிற்கும். கண் கீழே பார்க்கிறது, உதடு மூடியிருக்கிறது, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, பின்னணி சாம்பல். படத்தில் உள்ளது இவ்வளவுதான். சோகம் பார்த்தவர் கொண்டுவந்தது.

அதனால்தான் முதல் பத்து நிமிடம் உணர்ச்சிச் சொற்களுக்குத் தடை. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் 20 வரி எழுத வேண்டும். ஏழெட்டு வரியில் பேனா நின்றுவிடும். இதற்கு மேல் ஒன்றுமில்லை என்பார்கள். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வேறு வழியில்லாமல் கண் ஓரங்களுக்குப் போகும்: பாதி வெட்டுப்பட்ட ஒரு கை, பொருந்தாத திசையில் விழும் நிழல், கேமரா இருந்த உயரம். உயரத்தை ஊகிக்க வேண்டியதுகூட இல்லை. சமதளத்தில் எடுத்த படத்தில் அடிவானக் கோடு நிற்பவரின் உடலை எந்த இடத்தில் வெட்டுகிறதோ, கேமரா ஏறத்தாழ அந்த உயரத்தில் இருந்திருக்கிறது. இடுப்பில் வெட்டினால் எடுத்தவர் குனிந்திருக்கிறார். ஒரு தலைவர் கம்பீரமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்தக் குனிதல்.

உணர்ச்சிச் சொல்லைத் தள்ளிப்போடுவதற்குச் சினிமாவில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலேஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்துண்டை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு குழந்தை, சாய்ந்திருக்கும் ஒரு பெண் ஆகியவற்றோடு ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் அந்த முகத்திலேயே கண்டார்களாம். (நமக்குக் கிடைப்பது பின்னாளில் மற்றவர்கள் சொன்ன விவரம். பரிசோதனையே ஒரு கதையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.) செல்பேசித் திரையில் ஒரு படத்துக்கு மேலும் கீழும் எது வருகிறது என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

விளம்பரங்களுக்கு இன்னொரு கருவி வேண்டும். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1964இல் ஒரு பாஸ்தா விளம்பரத்தைப் பிரித்துக் காட்டினார்: வலைப்பை, தக்காளி, மிளகாய், பாக்கெட்டுகள், சிவப்புப் பின்னணி. பொருள்களின் பட்டியல் ஓர் அடுக்கு. 'இப்போதுதான் சந்தையிலிருந்து வந்தது', 'இத்தாலி' என்பவை அதற்கு மேலுள்ள அடுக்கு. இதை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. படத்தில் ஒரு பொருளை மட்டும் மனதுக்குள் மாற்றிப் பார்க்க வேண்டும். வலைப்பைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா வைத்தால் 'இப்போதுதான் வந்தது' என்பது போய்விடுகிறது. அப்படியானால் அந்த அர்த்தத்தைச் சுமந்தது பை. ஒன்றை மாற்றியும் எதுவும் மாறவில்லையென்றால், அதற்கு அர்த்தம் கற்பித்து எழுதிய பத்தியை அடித்துவிடலாம். மாணவர் கட்டுரைகளில் பாதி நீளம் இப்படியே குறையும்.

சட்டகத்தை, அதாவது படம் எங்கே வெட்டப்படுகிறது என்பதை, புரிந்துகொள்ள 'ட' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகள் போதும். படத்தின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரே கூட்டம் திருவிழாவாகும், கலவரமாகும். லென்ஸ் அவ்வளவு எளிதில் பிடிபடாது. 2020 ஏப்ரலில், கொரோனா இடைவெளி பற்றிய விவாதம் சூடாக இருந்தபோது, ஒரு டென்மார்க் படச் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர்கள் கோபன்ஹேகனில் ஒரே காட்சிகளை அகலக் கோண லென்ஸாலும் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலி லென்ஸாலும் எடுத்துக் காட்டினார்கள். ஒன்றில் மக்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், மற்றதில் தோளோடு தோள் உரசுகிறார்கள். எதுவும் திருத்தப்படவில்லை. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, 'லென்ஸ் பொய் சொல்கிறது' என்று எழுதுவது. நெருக்கத்தை உண்டாக்குவது தூரம். தொலைவில் நின்றால் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் அளவு வித்தியாசம் குறைந்துவிடுகிறது. டெலி லென்ஸ் அந்தப் பகுதியைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எடுத்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார்?

திருத்தம் என்றதும் எல்லோரும் ஒட்டுவேலையைத் தேடுகிறார்கள். 1994 ஜூனில் கொலை வழக்கில் கைதான அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை டைம், நியூஸ்வீக் என்ற வார இதழ்கள் இரண்டும் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. டைம் அதை இருட்டாக்கியிருந்தது. சேர்த்ததுமில்லை, நீக்கியதுமில்லை, தோல் நிறம் கறுத்தது, அதோடு குற்றவாளி என்ற தொனியும் வந்து ஒட்டிக்கொண்டது. தனியாகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. இரண்டு அட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பிட இன்னொன்று இல்லாத படத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவது சிரமம்.

பரவும் பொய்களில் நிறைய, உண்மையான பழைய படத்துக்குப் புதிதாக எழுதிய படவிளக்கம். விளக்கத்தை மறைத்துவிட்டுப் படத்தை முதலில் பார்ப்பது நல்ல வழக்கம். பிறகு தலைகீழ்த் தேடல், அதாவது படத்தையே தேடுபொறியில் கொடுத்து அது வேறெங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது: முழுப் படத்தையும் ஒரு முறை, முக்கியமான பகுதியை வெட்டி ஒரு முறை, இடவலம் திருப்பி ஒரு முறை, ஒன்றுக்கு மேற்பட்ட தேடுபொறியில். கிடைப்பவற்றில் மிகப் பழையதையும் அளவில் மிகப் பெரியதையும் பிடிக்க வேண்டும். நறுக்கப்படாத மூலத்துக்கு அருகில் அவைதான் இருக்கும். தேடுபொறி காட்டும் தேதி அந்தப் பக்கத்தின் தேதி, படம் எடுத்த தேதி ஆகாது. பலரும் சறுக்கும் இடம் அது. மெட்டாடேட்டா (எடுத்த நேரம், கேமரா போன்று கோப்போடு பதிவாகும் விவரம்) இல்லை என்பதும் எதையும் நிரூபிக்காது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே அது கழன்றுவிடுகிறது. ஸ்க்ரீன்ஷாட்டில் மூலப் படத்தின் விவரம் இருக்கவே இருக்காது.

ஏஐ படங்களைக் கண்டுபிடிக்க ஆறு விரலும் குழம்பிய எழுத்துகளும் கொஞ்ச காலம் உதவின. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளைப் பஃபர் ஜாக்கெட்டில் வந்த படம் உலகம் முழுவதும் பரவியபோது நிதானமாகப் பார்த்தவர்கள் கையில் பிசகைக் கண்டார்கள். இப்போது ஏஐ மென்பொருள்கள் பெரும்பாலும் விரலைச் சரியாகப் போடுகின்றன. நேற்றைய அடையாளத்தை வைத்துத் தேடுபவர், பிசகு இல்லாத படத்தை உண்மை என்று சான்றளித்துவிடுவார். அது ஏமாறுவதைவிட மோசம். என் கணிப்பில், இங்கே பழைய கேள்விகளே அதிகம் வேலை செய்கின்றன. இந்த இயந்திரங்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் படங்களில் கற்றவை. எனவே 'வெற்றி', 'வறுமை', 'மருத்துவர்' என்று கேட்டால் நாம் பல ஆண்டுகளாக ஸ்டாக் படங்களில் (யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ள எடுத்துவைத்த பொதுப் படங்கள்) பார்த்துப் பழகியதன் சராசரியைத் தருகின்றன. உண்மையா பொய்யா என்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் சராசரி கண்ணில் படாமலே போகும்.

நறுக்குவதும் இயந்திரத்தின் கைக்குப் போயிற்று. ட்விட்டரின் தானியங்கி வெட்டு வெள்ளை முகங்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று 2020இல் பயனர்கள் புகார் சொன்னார்கள். நிறுவனம் சோதித்து, சாய்வு இருப்பதை 2021இல் ஒப்புக்கொண்டது.

சில வாரங்கள் கழித்து வகுப்பில் ஒரு நோய் வரும்: எல்லாமே ஜோடனை, எதையும் நம்ப முடியாது. கேட்கக் கூர்மையாக இருக்கும், உண்மையில் அது பார்க்காமலிருக்க ஒரு சாக்கு. அப்போது அவர்கள் எழுதிய கட்டுரையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து மூன்று நிறத்தில் அடிக்கோடிடச் சொல்வது வழக்கம்: கண்டது நீலம், ஊகித்தது சிவப்பு, வெளியே போய்ச் சரிபார்த்தது பச்சை. தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். பச்சை ஒரு வரிகூட இல்லாத தாள்களை மதிப்பெண் போடாமல் வைத்துவிட்டு, அதே படத்தை மறுபடி கையில் கொடுத்து முதல் 20 வரியிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.