ஐந்து நொடி எங்கிருந்து வந்தது?

"விடுதி மொட்டைமாடித் தொட்டிக்குத் தானியங்கி மோட்டார் கட்டுப்பாடு வேண்டும்." பல பகுதிகளைச் சேர்த்து ஒரு முழு அமைப்பாக உருவாக்கக் கற்றுத்தரும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் வகுப்பின் முதல் நாள் இந்த ஒரு வரியைப் பலகையில் எழுதிவிட்டு மாணவர்களின் நோட்டைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டின் படம் வந்திருக்கும். இன்னும் ஐந்து நிமிடத்தில் செல்போன் செயலிக்குப் பெயர் வைத்திருப்பார்கள். தொட்டி எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை எச்.பி., இப்போது அதைப் போட்டு நிறுத்துபவர் யார் என்ற கேள்வி ஒன்றுகூட இருக்காது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வருடமாக அவர்கள் செய்த ஒவ்வொரு லேப் பயிற்சியிலும் நோக்கம், சுற்றுப்படம், எதிர்பார்க்கும் விடை எல்லாம் முதல் பக்கத்திலேயே அச்சடித்துத் தரப்பட்டன. கேள்வியே சரிதானா என்று பார்க்கும் வேலையை யாரும் கொடுத்ததில்லை. இந்தப் பாடம் கற்றுத்தர வேண்டியது அதைத்தான். மற்ற வரைபடங்களும் அட்டவணைகளும் அதற்குத் துணை.

பாடநூல்களில் ராக்கெட், விமானம், செயற்கைக்கோள் என்றுதான் உதாரணங்கள் வரும். படிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் அவற்றில் ஓர் எண்ணைக்கூட மாணவரால் தாமாக அளந்து பார்க்க முடியாது. தொட்டி அப்படியில்லை. "மோட்டாரை நிறுத்து, தண்ணி வழியுது" என்ற குரலைக் கேட்காமல் வளர்ந்தவர் வகுப்பில் அநேகமாக இருக்கமாட்டார். பம்ப், மின்சாரம், சென்சார், நிரல், மனிதர் என்று ஐந்து வகைச் சிக்கலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

முதல் இரண்டு வாரம் போர்டுகள் அலமாரியிலேயே பூட்டிக் கிடக்கட்டும். குழுவுக்கு ஓர் அளவு நாடா, 20 லிட்டர் வாளி ஒன்று, கைக்கடிகாரம் கொடுத்து மாடிக்கு அனுப்பினால் போதும். தொட்டியின் விட்டம், உயரம் அளக்க வேண்டும். தொட்டிக்குள் விழும் குழாயில் வாளியைப் பிடித்து நிரம்ப எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். 24 நொடி என்றால் நிமிடத்துக்கு 50 லிட்டர். அதோடு, மோட்டார் போடுபவரிடம் பேச வேண்டும். இதில்தான் அதிகம் சொதப்புவார்கள். "உங்களுக்கு என்ன வேணும்ணே?" என்று கேட்டால் "எது செஞ்சாலும் சரி தம்பி" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்ப வழிஞ்சதுண்ணே? அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டால் விஷயம் தானாக வெளியே வரும்: இரவில் கரண்ட் போய் வந்தது, சுவிட்சை ஆஃப் செய்ய மறந்தது, சம்ப்பில் தண்ணீர் இல்லாமலே மோட்டார் ஓடியது. நடந்ததைக் கேட்க வேண்டும், விருப்பத்தைக் கேட்கக் கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட குழுவின் தேவைப் பட்டியலுக்கும் மற்ற குழுக்களின் பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம் பார்த்த உடனே தெரியும்.

பிறகு தேவைகளை எழுதும் கட்டம். முதல் வரைவில் "தண்ணீர் வீணாகக் கூடாது", "அமைப்பு வேகமாகச் செயல்பட வேண்டும்" என்று இருக்கும். அளக்க முடிகிற மாதிரி எழுதச் சொன்னால் மறுவாரம் இப்படி வரும்: "தொட்டி நிரம்பிய 5 நொடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும்." எண் இருக்கிறது, வினை இருக்கிறது, சோதித்தும் பார்க்கலாம். பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். நிற்க வேண்டிய இடமே இதுதான். ஐந்து நொடி எங்கிருந்து வந்தது?

கணக்குப் போடச் சொல்ல வேண்டும். 5000 லிட்டர் தொட்டி, விட்டம் 1.8 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 2.54 சதுர மீட்டர். நிமிடத்துக்கு 50 லிட்டர் வந்தால் நீர்மட்டம் நிமிடத்துக்கு சுமார் 2 செ.மீ. ஏறும். விளிம்புக்கு 15 செ.மீ. கீழே "நிரம்பியது" என்று கோடு போட்டால், அங்கிருந்து வழிவதற்கு ஏழரை நிமிடம் ஆகும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை சென்சாரைப் படித்தாலே தாராளம். ஐந்து நொடி என்பது காற்றிலிருந்து பிடித்த எண்.

அதே பட்டியலில் சம்ப் காலியானால் என்ன என்பதற்கு எண்ணே இருக்காது. "உலர் ஓட்டத்திலிருந்து பாதுகாப்பு" என்று மூன்று சொல்லோடு முடிந்திருக்கும். ஆனால் நொடிக் கணக்கு வேண்டியது இங்கேதான். மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் பம்பில், தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலைக் குளிர்விப்பது ஓடுகிற தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஓரிரு நிமிடத்திலேயே சீல் சூடேறிக் கெடத் தொடங்கும். சரி, தண்ணீர் வராவிட்டால் உடனே நிறுத்திவிடலாமா? அதுவும் முடியாது. போட்டவுடன் குழாயில் நீர் ஏறி வரச் சில நொடி பிடிக்கும். எனவே "மோட்டார் போட்ட முதல் 20 நொடி நீரோட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அதன்பின் தொடர்ந்து 10 நொடி நீரோட்டம் இல்லையென்றால் நிறுத்து" என்ற மாதிரி இரண்டு எண் வேண்டும். இரண்டையும் அந்தக் குழாயில் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். தேவையில்லாத இடத்தில் கறார், தேவையான இடத்தில் வெற்றிடம். ஏறக்குறைய எல்லா முதல் வரைவும் இப்படித்தான் இருக்கும்.

ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து நீர்மட்டம் வரை தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரிலும் இதே கதை வேறு உருவில் வரும். இணையத்தில் கிடைக்கும் நிரலில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று நிலையாக எழுதியிருக்கும். அது 20 டிகிரிக்கான வேகம். வெயிலில் காயும் கறுப்புத் தொட்டிக்குள் காற்று 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வேகம் சுமார் 358. பிழை நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகம். தொட்டி நிரம்பி, சென்சாருக்கும் நீருக்கும் 20 செ.மீ. இடைவெளி இருக்கும்போது இந்தப் பிழை ஒரு செ.மீ.கூட இல்லை. தொட்டி காலியாகி இடைவெளி 180 செ.மீ. ஆனால் பிழை 8 செ.மீ.யை நெருங்கும். இல்லாத தண்ணீர் 200 லிட்டர் இருப்பதாகத் திரையில் தெரியும். வழிவதைத் தடுக்க மட்டும் வைக்கிறோம் என்றால் இதை விட்டுவிடலாம். அடிமட்டத்தில் மோட்டாரைப் போடவும் இதே சென்சாரை நம்புகிறோம் என்றால் விட முடியாது. "சென்சாரின் துல்லியம் எவ்வளவு?" என்ற கேள்வியை "எந்த முடிவுக்கு?" என்று மாற்றிக் கேட்க மாணவர் பழகுவது இந்தக் கணக்கில்தான். (மூடிய தொட்டிக்குள் ஆவி படிந்து திறந்த வகை சென்சார் சில வாரங்களில் உளறத் தொடங்குவது தனிக் கதை. நீர்புகா வகையை வாங்கினால், அதற்கு மிக அருகில் 20 செ.மீ. அளவுக்குக் கண் தெரியாது. அதைப் பொருத்தும் உயரத்தை மாற்ற வேண்டிவரும்.)

அடுத்தது இடைமுகம், அதாவது ஒரு பகுதி இன்னொன்றோடு தகவல் பரிமாறும் இடம். ஐந்து பேர் குழுவில் ஒருவர் சென்சார், ஒருவர் நிரல், ஒருவர் மின்பகுதி, ஒருவர் பொருத்துதல், ஒருவர் சோதனை என்று பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவர் பகுதியும் தனியாக ஓடும், சேர்த்தால் ஓடாது. "தூரம்" என்று ஒருவர் அனுப்புவது சென்சாரிலிருந்து நீர் வரை. இன்னொருவர் அதை அடியிலிருந்து நீர்மட்டம் என்று எடுத்துக்கொள்வார். அலகுப் பிழைக்கு நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று 1999 செப்டம்பரில் தொலைந்ததை எல்லா ஆசிரியரும் சொல்வார்கள். தரைக்கட்டுப்பாட்டு நிரல் ஒன்று பவுண்டு விசைக் கணக்கில் கொடுத்ததை மற்றொன்று நியூட்டன் கணக்கில் வாங்கிக்கொண்டது. சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் வகுப்பில் அடிக்கடி வருவது அலகுப் பிழையைவிட நுட்பமானது: பூச்சியம்.

இந்த வகைப் போர்டுகளுக்கு மாணவர் எழுதும் ஆர்டுயினோ நிரலில் எதிரொலியின் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை, எதிரொலி வராவிட்டால் பூச்சியத்தைத் திருப்பித் தரும். பூச்சியம் நொடி என்றால் பூச்சியம் தூரம். பூச்சியம் தூரம் என்றால் தொட்டி நிரம்பிவிட்டது. சென்சார் வயர் கழன்றால் அமைப்பு "தொட்டி நிறைய இருக்கிறது" என்று சொல்லி மோட்டாரைப் போடவே போடாது. விடுதியில் காலை ஆறு மணிக்குக் குழாயில் காற்றுதான் வரும். எந்த ஒருவரின் நிரலிலும் பிழை இல்லை. "தெரியவில்லை" என்பதற்கு என்ன மதிப்பு அனுப்புவது என்று இடைமுக ஆவணத்தில் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஒவ்வோர் இடைமுகத்துக்கும் ஆறு கட்டம் நிரப்பச் சொன்னால் இதில் பெரும்பகுதி அடங்கும்: பெயர், பொருள், அலகு, எல்லை, எத்தனை நொடிக்கு ஒருமுறை, தெரியாதபோது என்ன. ஆறாவது கட்டத்தைக் காலியாக விட்ட தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கு மாற்றாக மாணவர்கள் எழுதும் நிரல் எதிர்ப்பக்கம் சாயும். ஒரு தப்பான அளவீடு வந்தாலே "சென்சார் பழுது" என்று பூட்டிவிடுவார்கள். மேலிருந்து நீர் விழும்போது பரப்பு அலைபாயும், எதிரொலி சில நொடி சிதறும். அதற்கே அமைப்பு நின்றுவிடும். இங்கே சொல்ல ஏற்ற உதாரணம் 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய, இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது சிறிது நேரமே நீடித்த அதிர்வில், வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளின் அளவு எல்லை தாண்டியது. பழுது கண்டறியும் தர்க்கம் அவை கெட்டுவிட்டதாக முடிவு கட்டியது. கருவிகள் உண்மையில் கெடவில்லை. 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதிலாக 356க்கு 76 கி.மீ. நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டன, நிலைக்கவில்லை. திருத்தங்களோடு 2023 பிப்ரவரி 10 அன்று போன இரண்டாம் பயணம் வெற்றி. பழுதைக் கண்டுபிடிக்க வைக்கும் பகுதிக்கும் தேவை எழுத வேண்டும், அதையும் சோதிக்க வேண்டும் என்பது மாணவர் மனதில் பதிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அருகில் இல்லை.

மின்பகுதியில் ஒரே ஒரு எச்சரிக்கை. போர்டின் சொல்கேட்டு மோட்டாரைப் போட்டு நிறுத்தக் கடையில் கிடைக்கும் நீல ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 1 எச்.பி. ஒற்றைக்கட்ட மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் போதும் என்று நினைப்பார்கள். கிளம்பும் கணத்தில் அது பல மடங்காகும். சில வாரத்தில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். நிரல் "நிறுத்து" என்று சொல்லும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே, கான்டாக்டர் என்ற கனரக சுவிட்சின் சுருளை மட்டும் இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். வகுப்பில் 12 வோல்ட் பம்பும் இரண்டு வாளியும் போதும், மாணவர் கை 230 வோல்ட் பக்கம் போகவே கூடாது. ஆனால் வாளி மாதிரியில் இந்த ரிலேச் சிக்கல் தலைகாட்டவே காட்டாது. எது மாதிரியில் நிரூபணமானது, எது கணக்கில் மட்டும் நிரூபணமானது என்று சரிபார்ப்பு அட்டவணையில் தனித்தனியாகக் காட்டச் சொல்ல வேண்டும்.

அந்த அட்டவணையை எப்போது எழுதுவது என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தேவையை எழுதும் அன்றே பக்கத்துக் கட்டத்தில் சோதனை, கணக்கு, நேரில் பார்ப்பது, இயக்கிக் காட்டுவது என்ற நான்கில் எது என்று எழுதிவிட வேண்டும். கடைசி வாரம் எழுதினால் ஓடுகிறதை மட்டும் சோதிப்பார்கள். "மின்சாரம் திரும்பி வந்த 60 நொடிக்கு மோட்டார் கிளம்பக் கூடாது" என்ற தேவைக்கு ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டு டிக் போடுவார்கள். இருபது முறை செய்தால்தான் தெரியும், போர்டு விழித்து நிரல் தொடங்குவதற்குள் ரிலே சிலசமயம் 'டக்' என்று ஒருமுறை அடிப்பது.

பழுது ஆய்வில் தீவிரம், நிகழ்வாய்ப்பு, கண்டறியும் கடினம் மூன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, பெருக்கி வரிசைப்படுத்தும் பழைய முறையை அப்படியே கற்றுத்தர வேண்டாம். மின்னதிர்ச்சிக்கு 10, 2, 2 என்று போட்டால் பெருக்கல் 40. திரையில் தப்பாகக் காட்டுவதற்கு 4, 5, 4 என்றால் 80. உயிர் போகிற விஷயம் பட்டியலில் கீழே போய்விடும். வாகனத் துறையே 2019இல் வந்த கையேட்டில் இந்தப் பெருக்கலைக் கைவிட்டுவிட்டது. கல்லூரி வினாத்தாள்கள்தான் இன்னும் விடவில்லை.

வரைபட மென்பொருள்களைப் பருவத்தின் பிற்பாதிக்குத் தள்ளிவைப்பது நல்லது. அமைப்புகளை வரைய உதவும் சிஸ்எம்எல் மொழியின் பெட்டிகளை அழகாக அடுக்குவதில் மூன்று வாரம் போய்விடும், உள்ளே எண் இருக்காது. இருபத்தைந்து தேவைகளுக்கு மேல் ஏற்காமல், ஒரு விரிதாளில் முடிக்கச் சொன்னாலே யோசிப்பார்கள். எட்டாம் வாரம் குழுக்களின் ஆவணங்களை மாற்றிக்கொடுத்து, அடுத்த குழு எழுதியதை வைத்துக் கட்டச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான், வகுப்பில் முணுமுணுப்பு எழும். ஆனால் "இதுல என்ன எழுதியிருக்குன்னே புரியல சார்" என்று ஒரு குழு இன்னொரு குழுவைப் பற்றிச் சொல்லும்போது, அதுவரை சிவப்பு மையில் எழுதியதெல்லாம் செய்யாத வேலை நடந்துவிடும். பத்தாம் வாரம் "இரண்டாவது தொட்டி ஒன்று வருகிறது" என்று மாற்றக் கோரிக்கை கொடுக்கலாம். எந்தத் தேவைக்கு எந்தச் சோதனை என்று இணைத்துக் காட்டும் தொடர்பு அட்டவணை வைத்திருக்கும் குழு எந்தெந்தத் தேவை, எந்தெந்தச் சோதனை மாறும் என்று அன்றே சொல்லிவிடும். மற்றவர்கள் நிரலைத் திறப்பார்கள்.

கடைசி மதிப்பீட்டை ஆசிரியர் செய்ய வேண்டியதில்லை. விடுதியில் மோட்டார் போடுபவரை அழைத்து, பெட்டியையும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையும் கையில் கொடுத்துவிட்டு, குழுவை வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்கச் சொல்ல வேண்டும். அவர் செயலியைத் தேடமாட்டார், திரையையும் பெரிதாகப் பார்க்கமாட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தானியங்கியை ஓரங்கட்டிக் கையால் போட்டு நிறுத்துகிற சுவிட்ச் எங்கே என்று தேடுவார். பல குழுக்களின் பெட்டியில் அது நான்கு ஸ்க்ரூ போட்ட மூடிக்கு உள்ளே இருக்கும்.