முட்டை முதிர்வது ஸ்கானில் தெரியாது

"புடைப்பு 18 மில்லிமீற்றராம், முட்டை முத்திட்டுதா?" மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஸ்கான் எடுத்துவிட்டு வரும் பெண்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ஸ்கானில் தெரிவது புடைப்பு, அதாவது முட்டை வளரும் திரவம் நிறைந்த சிறு பை மட்டுமே. முட்டை ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான், அது முதிர்ந்ததா என்று ஸ்கான் காட்டாது.

முட்டை சூலகத்தில் சும்மா கிடப்பதில்லை. ஜி.டி.எஃப் 9, பி.எம்.பி 15 என்ற வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, சுற்றியுள்ள கலங்களைப் பெருகவைக்கிறது. அந்தக் கலங்கள் முட்டைக்கு ஊட்டம் கொடுக்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல் குழம்பினால் புடைப்பு பெருத்தாலும் முட்டை தேறாது.

கடைசிக் கட்டம்தான் நுட்பமானது. முட்டை வெளியேறத் தூண்டும் எல்.எச் ஓமோன் எழும்பியதும் அது நேரே முட்டையைத் தொடுவதில்லை. புடைப்பின் சுவர்க் கலங்கள் அம்பிரெகுலின், எபிரெகுலின் என்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்கும். அவற்றால் முட்டையைச் சுற்றிய கலங்கள் பசைபோல விரியும். முட்டையில் பாதியில் நின்ற ஒடுக்கற்பிரிவு, அதாவது நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் கலப்பிரிவு, மீண்டும் தொடங்கும்.

இதற்கு மணித்தியாலங்கள் பிடிக்கும். உடலுக்கு வெளியே கருக்கட்டவைக்கும் ஐ.வி.எஃப் சிகிச்சையில், எல்.எச் போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி ஊசி போட்டு 34 முதல் 36 மணித்தியாலங்களில் முட்டை எடுப்பது அதனால்தான். இரவு பத்து மணிக்கு என்று சொன்னால், பிள்ளைகளே, பத்து மணிக்கே போடுங்கள். ஊசி பிந்தினால் எடுக்கும் முட்டை முதிராமல் இருக்கலாம். மிகவும் முந்தினால் எடுக்கமுன்னரே வெளியேறிவிடலாம்.

பி.சி.ஓ.எஸ் என்ற சூலகக் கோளாறு உள்ளவர்கள் பலரில் இன்சுலின் கூடி, ஆண் ஓமோனும் கூடும். புடைப்புகள் சிறிதாகவே நின்றுவிடும். உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே சிலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. சீனித் தேத்தண்ணியைக் குறைப்பதில் தொடங்கலாம்.