சால்வையைத் திருப்பிப் பாருங்கள்

நேற்று ராத்திரிதான் ஊட்டியிலிருந்து திரும்பினேன். செலவுக் கணக்கோடு வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தோடர் பழங்குடியினர் வாழும் முத்தநாடு மந்து பற்றிச் சொல்லாமல் மற்றதை எழுத மனம் வரவில்லை.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். தலைகுந்தா பக்கம் இருக்கிறது அந்த மந்து. அதற்கு ஆட்டோக்காரர் 800 ரூபாய் கேட்டார். வெயிட்டிங் தனியாம்! பேசிப் பேசி 600-க்கு வந்தார். மூன்று நாளுக்கு மொத்தமே 5,000 ரூபாய் என்று கிளம்பியவளுக்கு இது பெரிய அடி.

அதைவிடக் கோபம் முந்தின நாள் வந்தது. கடைவீதியில் ஒரு கடையில் ‘அசல் தோடா சால்வை’ என்று 1,200 ரூபாய்க்கு ஒன்றை நீட்டினார்கள். நான் திருப்பூர்க்காரி. எம்பிராய்டரி யூனிட்டில் ஏழு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளை பாபின் நூல், அடியில் வைத்த பேப்பரைக் கிழித்த மிச்சம்கூட ஒட்டியிருந்தது. முழுக்க மெஷின் வேலை! தோடா எம்பிராய்டரி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை. அந்தப் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள்.

சரி, மந்துக்கு வருவோம். மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. கூம்பு போல உயர்ந்த புல்கூரைக் கோயில் புல்வெளியில் தனியாக நிற்கிறது. பெண்கள் உள்ளே போகக் கூடாது என்பதால் தள்ளி நின்றே பார்த்தேன். அப்புறம் ஒரு வீட்டு வாசல் வெயிலில் நாலைந்து பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்தவள்தான், இரண்டு மணி நேரம் எழவே இல்லை.

ஃபிரேம் கிடையாது, துணியில் பென்சில் கோடு கிடையாது. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக நூலை ஏற்றுகிறார்கள். எங்கள் யூனிட்டில் டிசைனை மெஷினில் ஏற்றினால்தான் தையல் ஓடும். இவர்களுக்கு டிசைன் மனப்பாடம். இந்தத் தையலுக்குப் புகூர் என்று பெயர், சால்வைக்குப் பூத்துக்குளி. விசேஷத்துக்கும் அதுதான், இறந்தவருக்குப் போர்த்துவதும் அதுதான்.

அவர்களில் ஒரு பாட்டியின் பேத்தி, கோயம்புத்தூரில் படிப்பவள், லீவுக்கு வந்திருந்தாள். அவள் இழையைத் தோட மொழியில் எண்ண, தப்பும்போதெல்லாம் பாட்டி நிமிராமலே திருத்தினார். தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். அந்த மொழி அடுத்த தலைமுறைக்குப் போவதை என் காதாலேயே கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

“முட்டி வலிக்காதா பாட்டி?” என்று கேட்டேன்.

“உள்ள தனியா கெடந்தாத்தான் வலி தெரியும். இங்க பேசிக்கிட்டே தைக்கிறேன், தெரியலை” என்றார்.

எனக்கு அந்த யூனிட் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, மெஷின் சத்தத்தில் பக்கத்து ஆளின் பெயரைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நூலும் ஊசியும் அங்கேயும் இருந்தன. பேச்சுத்தான் இல்லை.

முழுச் சால்வை 6,000 ரூபாய். மாதக் கணக்கில் தைப்பதற்கு அது குறைச்சல்தான், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கையில் அவ்வளவு இல்லாததால் 350 ரூபாய்க்கு ஒரு செல்போன் பை வாங்கிக்கொண்டு, சால்வைக்கு 500 அட்வான்ஸ் கொடுத்தேன். தோடர்களின் மொற்பர்த் பண்டிகை சமயத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் சால்வை தைக்கும் அக்கா. ஆண்கள் பூத்துக்குளி போர்த்திக்கொண்டு ஆடுவார்களாம், இளவட்டக்கல் தூக்குவார்களாம். மீதி 5,500-க்கு இந்த மாதமே சீட்டுப் போட்டாச்சு.